விந்தணுக் குறைபாடு: அறுவை சிகிச்சை முதலா, இக்ஸி முதலா?

ஓராண்டு காலம் கருத்தடை எதுவுமின்றிக் கூடி வாழ்ந்தும் கரு தரிக்காத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்ததும் அவர்கள் முன் பொதுவாக நான்கு வழிகள் வைக்கப்படுகின்றன. சத்து மாத்திரை எடுத்துக்கொண்டு காத்திருக்கலாம். விதைப்பையில் புடைத்துப்போன சிரைகளைக் கட்டிவிடும் வெரிகோசீல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். கழுவிப் பிரித்த விந்தணுக்களைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐ.யூ.ஐ. முறைக்குப் போகலாம், ஒற்றை விந்தணுவை ஊசி வழியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையை நாடலாம். இவை நான்கும் ஒரே வேலையைச் செய்பவை என்ற எண்ணத்தோடு, எது சிறந்தது என்று கேட்பவர்களே அதிகம். முதல் இரண்டும் விந்தணு உற்பத்தியை உயர்த்த முயல்பவை. பின் இரண்டும் உற்பத்தி குறைவாகவே இருந்தாலும் அதைச் சுற்றிக்கொண்டு போகப் பார்ப்பவை. ஆகவே எது சிறந்தது என்பதைவிட, யாருக்கு, எந்த வயதில், எது முதலில் என்பதுதான் விடை காணக்கூடிய கேள்வி.

அதற்கு முன் பரிசோதனைத் தாளில் உள்ள எண்களைச் சரியாகப் படிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி, ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணுக்கள், ஒருமுறை வெளியேறும் விந்தில் மொத்தம் 3.9 கோடி, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், இயல்பான வடிவம் கொண்டவை 4 சதவீதம் என்பவை கீழ் எல்லைகள். முயன்ற ஓராண்டுக்குள் குழந்தைக்கு வழிவகுத்த ஆண்களின் விந்தை அளந்து, அவர்களில் மிகக் குறைந்த அளவு கொண்டிருந்த 5 சதவீதத்தினர் எங்கே நின்றார்களோ அங்கே இந்தக் கோடு வரையப்பட்டது. கோட்டுக்குக் கீழே இருந்தவர்களும் தந்தையானவர்களே என்பது இதிலிருந்து விளங்கும். கோட்டுக்கு மேலே இருப்பதும் உறுதிமொழி ஆகாது.

ஒரே ஆளின் எண்ணிக்கையே வாரத்துக்கு வாரம் வெகுவாக மாறக்கூடியது. கடுங்காய்ச்சல் ஒன்று வந்துபோனால் அடுத்த சில மாதங்களுக்கு அது சரிந்து கிடக்கும். ஒரு விந்தணு விதையில் உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. அதன்பின் விதையின் மேல் சுருண்டு கிடக்கும் குழாயைக் கடந்துவரச் சில நாள்கள் வேண்டும். இன்று எடுக்கும் விந்து மூன்று மாதத்துக்கு முந்தைய உடல்நிலையைச் சொல்கிறது என்பதால், இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேற்றாமல் இருந்து எடுத்த இரு பரிசோதனைகளாவது கையில் இல்லாமல் எந்தச் சிகிச்சையையும் முடிவு செய்யக் கூடாது. முடிவெடுக்க மிகவும் உதவுவது மொத்த நகரும் விந்தணு எண்ணிக்கை. விந்தின் அளவு, அடர்த்தி, நகர்வுச் சதவீதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் அது கிடைக்கும். 2 மில்லிலிட்டர் விந்து, மில்லிலிட்டருக்கு ஒரு கோடி, நகர்பவை 30 சதவீதம் என்றால் மொத்தம் 60 லட்சம். பல பரிசோதனைத் தாள்களில் இந்த எண் அச்சாவதில்லை, தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

விந்தை மட்டும் பரிசோதித்துவிட்டு ஆணின் உடலைப் பரிசோதிக்காமல் நேரே ஆய்வகக் கருத்தரிப்புக்கு அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதைத்தான் இந்தத் துறையின் பெரிய குறையாக நான் கருதுகிறேன். விதைகளின் அளவு, விதையிலிருந்து விந்தணுவைக் கொண்டுசெல்லும் விந்துநாளம் இருக்கிறதா என்பது, புடைத்த சிரைகள், கட்டி ஏதேனும் உண்டா என்பது ஆகியவை விந்துப் பரிசோதனையில் தெரியாதவை; மருத்துவரின் விரல்களுக்குத் தெரியவரும். விதைப் புற்றுநோய், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டி, குரோமோசோம் மாற்றம் போன்றவை குழந்தையின்மை என்ற ஒரே அறிகுறியோடு வெளிப்படுவதும் உண்டு. விதையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.எச்., விதை சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இரு ஹார்மோன்களின் அளவும் தெரிய வேண்டும். எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 50 லட்சத்துக்கும் கீழே இருந்தால் குரோமோசோம் பரிசோதனையும், அதைவிட மிகக் குறைந்தால் ஒய் குரோமோசோமில் நுண்பகுதிகள் விடுபட்டுள்ளனவா என்னும் பரிசோதனையும் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றின் முடிவு சில நேரங்களில் ஒப்பீட்டையே தேவையற்றதாக்கிவிடும். அதைப் பின்னர் பார்ப்போம்.

இனி வழிகளை எடுத்துக்கொள்வோம். பட்டியலில் இருக்கவே கூடாத ஒன்றை முதலில் நீக்கிவிட வேண்டும்: வெளியிலிருந்து கொடுக்கப்படும் டெஸ்டோஸ்டிரோன். ஆண்மைக்குரிய ஹார்மோன் குறைவாக இருக்கிறது, அதைக் கொடுத்தால் விந்தணு பெருகும் என்ற தருக்கம் கேட்கச் சரியாகத் தோன்றுகிறது. உடலில் நடப்பதோ நேர்மாறானது. விதைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் செறிவு இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அந்தச் செறிவே விந்தணு உற்பத்திக்குத் தேவை. ஊசியாகவோ களிம்பாகவோ ஹார்மோன் வெளியிலிருந்து வந்ததும், போதுமான அளவு இருக்கிறது என்று பிட்யூட்டரி எடுத்துக்கொண்டு, விதையைத் தூண்டும் தன் இரு ஹார்மோன்களையும் நிறுத்திவிடுகிறது. இரத்தத்தில் அளவு ஏறும்போதே விதைக்குள் அது வீழ்ந்துவிடுகிறது. ஆண்களுக்கான கருத்தடை முறையாக இதே டெஸ்டோஸ்டிரோனை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள் என்பதே அதன் விளைவுக்குப் போதுமான சான்று.

அத்தகைய கருத்தடைச் சோதனைகளில் பங்கேற்ற 1,500க்கும் மேற்பட்ட ஆண்களின் தரவுகளைத் தொகுத்து 2006இல் வெளியான பகுப்பாய்வு, ஊசியை நிறுத்தியபின் எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 2 கோடிக்குத் திரும்பியவர்கள் 6 மாதத்தில் 67 சதவீதம், ஓராண்டில் 90 சதவீதம், இரண்டாண்டில் ஏறக்குறைய எல்லோரும் என்று காட்டியது. அவர்கள் தொடக்கத்தில் ஆரோக்கியமாக இருந்தவர்கள். ஏற்கெனவே குறைபாடு உள்ளவருக்கும், உடற்கட்டுக்காக நீண்டகாலம் அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்தவருக்கும் இவ்வளவு நல்ல கணக்கை எதிர்பார்க்க முடியாது. குழந்தை வேண்டும் என்பவருக்கு ஹார்மோன் குறைவு உண்மையாகவே இருந்தால், விதையைத் தூண்டி அதனிடமிருந்தே ஹார்மோனைப் பெறும் எச்.சி.ஜி. ஊசி, க்ளோமிஃபீன் மாத்திரை போன்ற மாற்றுகள் உண்டு. குறிப்பாக, பிட்யூட்டரியின் தூண்டுதலே இல்லாமல் விதைகள் உறங்கிக் கிடக்கும் அரிய நிலையில், எச்.சி.ஜி.யும் எஃப்.எஸ்.எச்.சும் சேர்த்துப் பல மாதங்கள் கொடுத்தால் விந்தணு பெரும்பாலும் தோன்றிவிடுகிறது. ஆண் தரப்புக் குறைபாட்டில் மருந்தே முழுமையான சிகிச்சையாக அமைவது அநேகமாக இந்த ஓரிடத்தில்தான்.

சத்து மாத்திரைகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. துத்தநாகம், ஃபோலிக் அமிலம், செலினியம், கார்னிட்டின், வைட்டமின் சி, ஈ என்று பல பெயர்களில் இவை விற்கின்றன. 2020இல் அமெரிக்காவில் முடிவு வெளியான பெரிய சோதனை ஒன்றில், 2,370 தம்பதியரின் ஆண்களுக்கு ஆறு மாத காலம் ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் அல்லது வெற்று மாத்திரை தரப்பட்டது. குழந்தை பிறந்தவர்கள் மருந்துக் குழுவில் 34 சதவீதம், வெற்று மாத்திரைக் குழுவில் 35 சதவீதம். எண்ணிக்கையிலோ நகர்விலோ பயன் தெரியவில்லை. மருந்துக் குழுவில் வயிற்றுத் தொல்லைதான் சற்றுக் கூடியிருந்தது. ஏறத்தாழ 170 தம்பதியரை வைத்து அதே ஆண்டு வெளியான இன்னொரு சோதனையில், பல சத்துகள் கலந்த மாத்திரையும் மூன்று மாதத்தில் விந்தின் தரத்தை உயர்த்தவில்லை. இம்மாத்திரைகள் பயன் தரும் என்று சொல்லும் ஆய்வுகளும் உள்ளன. அவை பெரும்பாலும் சிறியவை, தரத்தில் தளர்ந்தவை. மாத்திரையின் உண்மையான விலை, அது தின்றுவிடும் ஆறேழு மாதங்கள்தான். புகையை விடுவது, உடல் எடையைக் குறைப்பது, வெந்நீர்த் தொட்டிகளைத் தவிர்ப்பது ஆகியவற்றை எந்த வழியில் போனாலும் கூடவே செய்துகொள்ளலாம். அவற்றையே ஒரு தனி வழியாக எண்ணிக் காத்திருக்கத்தான் கூடாது.

உண்மையான தேர்வு வெரிகோசீல் அறுவை சிகிச்சைக்கும் இக்ஸிக்கும் இடையில் வருகிறது. விதையிலிருந்து இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளின் அடைப்பிதழ்கள் செயலிழந்து, இரத்தம் பின்னோக்கித் தேங்கிச் சிரைகள் புடைப்பதே வெரிகோசீல். இடப்பக்கச் சிரை சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சென்று சேர்வதால் பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே இது வருகிறது. உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டிய விதை, தேங்கிய இரத்தத்தால் சூடேறுகிறது. விந்தணுவின் மரபுப்பொருளைச் சிதைக்கும் ஆக்ஸிஜன் வேதிப்பொருள்களும் மிகுகின்றன. பொதுவாக ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு வெரிகோசீல் இருக்கிறது. அவர்களில் பலர் எந்தத் தொல்லையுமின்றித் தந்தையாகிறார்கள். குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்கு வரும் ஆண்களிலோ அது 35 முதல் 40 சதவீதம் வரை காணப்படுகிறது. இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதையும், காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்பதையும் இந்த இரு எண்களும் ஒருசேரச் சொல்கின்றன.

இந்த அறுவையால் பயன் உண்டா என்பது நெடுங்காலம் சர்ச்சையில் இருந்தது. பழைய ஆய்வுகள் சிலவற்றில், ஸ்கேனில் மட்டும் தெரியும் சிறு புடைப்புக் கொண்டவர்களையும் விந்து இயல்பாக இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டது குழப்பத்துக்கு ஒரு காரணம். கையால் தொட்டு உணரக்கூடிய வெரிகோசீலும், விந்தில் ஏதேனும் ஓர் அளவில் குறைவும் கொண்ட 145 ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடத்தி 2011இல் வெளியான சோதனையில், ஓராண்டுக்குள் இயற்கையாகக் கரு தரித்தவர்கள் அறுவைக் குழுவில் 32.9 சதவீதம், காத்திருந்த குழுவில் 13.9 சதவீதம். சோதனை சிறியதுதான், ஆயினும், சரியான ஆளைத் தேர்ந்தெடுத்தால் பயன் உண்டு என்ற இன்றைய வழிகாட்டுதல்களின் நிலைக்கு இத்தகைய முடிவுகளே அடிப்படை. தொட்டு உணர முடியாமல் டாப்ளர் ஸ்கேனில் மட்டும் தெரியும் வெரிகோசீலுக்கு அறுவை வேண்டாம் என்பதிலும் அந்த வழிகாட்டுதல்கள் ஒத்துப்போகின்றன. ஸ்கேன் தாளை மட்டும் காட்டி அறுவைக்கு நாள் குறிக்கச் சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்பது நல்லது.

அறுவையிலும் வகைகள் உண்டு. அடிவயிற்றுக்கும் தொடைக்கும் இடைப்பட்ட மடிப்பை ஒட்டிச் சிறு கீறல் இட்டு, நுண்ணோக்கியின் கீழ் சிரைகளை மட்டும் கட்டி, தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் விட்டுவிடும் நுண்ணறுவை முறையில், வெரிகோசீல் திரும்பி வருவது நூற்றில் ஓரிருவருக்குத்தான்; விதையைச் சுற்றி நீர் கோப்பதும் அரிது. நுண்ணோக்கி இல்லாத பழைய முறைகளில் திரும்பி வருவது நூற்றில் பத்துப் பேருக்கும் மேல் போவதுண்டு. ஆகவே எந்த முறையில் செய்வார்கள் என்பதும், செய்பவருக்கு நுண்ணறுவையில் பழக்கம் எவ்வளவு என்பதும் அறுவைக்கு இசைவதற்கு முன் கேட்டுத் தெளிய வேண்டியவை. மூன்றில் இரு பங்கினருக்கு விந்தில் ஓரளவு முன்னேற்றம் தெரிகிறது. ஆனால் அது தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். கரு தரிக்க அதற்கு மேலும் மாதங்கள் வேண்டும். இந்த வழியின் பலவீனம் முழுவதும் அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

1992இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் வெற்றி கண்ட இக்ஸி, அதுவரை வழியே இல்லை என்றிருந்தவர்களுக்கு வழி திறந்தது. பத்துக் கருமுட்டை கிடைத்தால் பத்தே பத்து உயிருள்ள விந்தணு போதும். செலுத்தப்பட்டவற்றில் நூற்றுக்கு எழுபது அளவில் கருவுறுகின்றன. இதற்கான விலையை உடலால் செலுத்துபவர் பெண். குறை ஆணிடம் இருந்தாலும், பத்துப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி, அடிக்கடி ஸ்கேன், மயக்கம் கொடுத்துக் கருமுட்டை எடுத்தல், சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்படும் அபாயம் ஆகிய எல்லாம் அவருக்கே. ஒரு சுழற்சியில் குழந்தை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. கருமுட்டையின் வயதுதான் அதை முடிவு செய்கிறது. 35க்குப் பின் வாய்ப்பு சரியத் தொடங்கி, 40ஐத் தாண்டியதும் வேகமாகக் குறைகிறது. விந்தணுவைத் தேர்ந்தெடுத்துச் செலுத்தும் ஊசியால் கருமுட்டையின் வயதை மாற்ற இயலாது.

இக்ஸியைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் முடிவெடுப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விந்தணு இயல்பாக உள்ள தம்பதியருக்கு, ஆய்வகத்தில் கருமுட்டையோடு விந்தணுக்களைத் தாமே சேரவிடும் சாதாரண ஐ.வி.எஃப்.பைவிட இக்ஸி மேலானது என்பதற்குச் சான்று இல்லை. வியட்நாமில் 1,064 தம்பதியரிடம் நடத்தி 2021இல் வெளியான சோதனையில், குழந்தைப் பிறப்பு இக்ஸியில் 35 சதவீதம், ஐ.வி.எஃப்.பில் 31 சதவீதம் என்று அமைந்து, அந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது என்றே கணிக்கப்பட்டது. அடுத்தது, குறைபாடு அடுத்த தலைமுறைக்குப் போகலாம் என்பது. தந்தையின் விந்தணுக் குறைவால் இக்ஸி மூலம் பிறந்து 18 முதல் 22 வயதை எட்டிய 54 இளைஞர்களைப் பிரஸ்ஸல்ஸ் குழுவினர் பரிசோதித்தபோது, அவர்களின் விந்தணு அடர்த்தி, இயற்கையாகக் கருத்தரித்துப் பிறந்த ஒத்த வயதினரின் அளவில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ஒய் குரோமோசோமின் விடுபட்ட பகுதியோ ஆண் குழந்தைக்கு அப்படியே செல்லும். இதற்காக இக்ஸியை மறுக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே தெரிந்து ஏற்பதுதான் முறை.

இடையில் நிற்கும் ஐ.யூ.ஐ. எளியது, உடலுக்குத் துன்பம் குறைந்தது. ஆனால் மொத்த நகரும் எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் கீழே இருந்தால் அதனால் பெரிதாகப் பயன் இல்லை. ஒரு கோடிக்கு மேல் இருப்பவருக்கே அது பொருந்தும். எண்ணிக்கை மிகக் குறைந்தவருக்கு ஆறு, ஏழு முறை என்று அதைத் தொடர்வது காலத்தை வீணாக்குவதே.

பெண்ணின் வயது 30 அளவில், ஆணுக்குத் தொட்டு உணரும் வெரிகோசீல், மொத்த நகரும் எண்ணிக்கை 30 லட்சம் முதல் ஒரு கோடி வரை என்ற நிலையில் அறுவையை முதலில் வைப்பதே சரி என்பது என் தேர்வு. இயற்கையாகவே கரு தரித்தால் அடுத்த குழந்தைக்கும் அது உதவும். முழுவதும் சரியாகாவிட்டாலும், இக்ஸி தேவைப்பட்டவர் ஐ.யூ.ஐ.க்கு ஏறிவரக்கூடும். விந்தணுவே இல்லாமல் இருந்தவர்களில் சிலருக்கு அறுவைக்குப் பின் சிறிதளவு தோன்றி, விதையைக் கீறி எடுக்கும் தேவை ஒழிந்ததும் உண்டு. பெண்ணுக்கு 38 ஆகிவிட்டது, அல்லது கருக்குழாய் அடைப்புப் போன்று அவரிடமும் ஆய்வகக் கருத்தரிப்பைத் தேவையாக்கும் காரணம் இருக்கிறது என்றால், அறுவைக்காக ஓராண்டைக் கொடுப்பது தவறு. இக்ஸிக்கே முதலில் போக வேண்டும். கடினமானது 35 முதல் 37 வரை உள்ள இடைவெளி. அங்கே சினைப்பையில் மீந்துள்ள கருமுட்டைகளின் அளவையும் எத்தனை குழந்தை வேண்டும் என்ற விருப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அறுவையைச் செய்துகொண்டே கருமுட்டை எடுத்துக் கருவாக்கி உறையவைக்கும் இரட்டை வழியும் அங்கே ஆராயத் தக்கது. அது இரண்டின் சுமையையும் ஒருசேரக் கொண்டுவரும். ஆனால் காலம் வீணாகாது.

விந்தில் அணுவே இல்லாதவருக்குக் கணக்கு வேறு. உற்பத்தி நன்றாக இருந்து வழி அடைபட்டிருந்தால், அடைப்பை நீக்கி இணைப்பதா, விதையிலிருந்து எடுத்து இக்ஸி செய்வதா என்பது மறுபடியும் பெண்ணின் வயதைப் பொறுத்தது. பிறவியிலேயே விந்துநாளம் இல்லாதவரானால், நுரையீரலைத் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயின் மரபணு மாற்றத்தைச் சுமப்பவராக இருக்க வாய்ப்பு மிகுதி. மனைவியையும் பரிசோதித்த பின்னரே இக்ஸிக்குப் போக வேண்டும். உற்பத்தியே குன்றியிருந்தால், நுண்ணோக்கியின் கீழ் விதையைத் திறந்து தேடும் முறையில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அணு கிடைக்கிறது. ஆனால் ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்குரிய ஏ.இசட்.எஃப். என்னும் இடத்தின் ஏ அல்லது பி பகுதி முழுவதும் விடுபட்டிருந்தால் கிடைக்க வாய்ப்பே இல்லை எனலாம். அவருக்கு அந்த அறுவையைச் செய்வது வீண் காயம். எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றை முன்னரே செய்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியது அது. சி பகுதி மட்டும் விடுபட்டவருக்கு நம்பிக்கை உண்டு.

அறுவையைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதற்கு முன்பே ஒரு விந்து மாதிரியை உறையவைத்துக்கொள்வது நல்லது, எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களுக்கு இது கட்டாயம் போன்றதே. பின்னர் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஒரே ஆய்வகத்தில் பரிசோதித்து, முன்பு கணக்கிட்ட அதே மொத்த நகரும் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். ஆறாம் மாதத்தில் ஒரு கோடியைத் தாண்டியிருந்தால் இயற்கையாகவோ ஐ.யூ.ஐ. வழியாகவோ இன்னும் ஆறு மாதம் முயலலாம். அசையாமல் அங்கேயே நின்றால், மறு அறுவை, புது மாத்திரை என்று திரும்பாமல் இக்ஸிக்கு நாள் குறித்துக்கொள்ளலாம்.